ஜப்ளா தைக்க நேரம் எங்க இருக்கு? – தையல் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல குழந்தைத் துணி பத்திதான். அதனால பிளவுஸ்காரங்க எல்லாம் அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

அக்கா, என் பாப்பாவுக்கு அஞ்சு மாசம். லீவு முடிஞ்சு ஆபீஸ் போகப்போறேன். கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக்கொடுத்த மெஷின் மூலையில தூங்குது. என் கையால ஏதாவது தைச்சுப் போடணும்னு ஆசை, ஆனா சேர்ந்தாப்ல இருபது நிமிஷம் கிடைக்கிறதே பெரிய விஷயம். எதுல ஆரம்பிக்கலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

ஃப்ராக்ல மட்டும் ஆரம்பிக்காதீங்கமா. எல்லாரும் ஆசையா சுருக்கம் வச்ச ஃப்ராக் வெட்டுவாங்க, அது பாதி தைச்ச நிலையில கவருக்குள்ள கிடக்கும், முடிக்கிறதுக்குள்ள குழந்தை அந்த அளவைத் தாண்டிடும். உங்க பாப்பாவுக்கு இப்ப ஜொள்ளு ஊத்துற வயசு, அடுத்த மாசம் கூழு, பருப்பு சாதம்னு ஊட்ட ஆரம்பிப்பீங்க, அதனால பிப் (கழுத்துல மாட்டுற ஜொள்ளுத் துணி) தைங்க, ஒரு நாளைக்கு நாலு அஞ்சு கூட பத்தாது. சாப்பாட்டுத் தட்டைத் துணி மேல கவுத்துப் போட்டு சுத்தி வரைங்க, அதுக்குள்ள மேல் ஓரத்துக்கு ஒரு இன்ச் உள்ள தள்ளி மூணு இன்ச் வாய் இருக்கிற டபராவைக் கவுத்துக் கழுத்து வரைங்க, மேல நடுவுல ஒரு வெட்டு, பேட்டர்ன் அவ்ளோதான். மேல பழைய காட்டன் சுடிதார் துணி, கீழ பழைய டர்க்கி டவல், ரெண்டோட நல்ல பக்கமும் உள்ள பார்க்கிற மாதிரி வச்சு கால் இன்ச் விட்டு சுத்தித் தைச்சு, கீழ மூணு விரல் நுழையிற அளவுக்கு மட்டும் தைக்காம விட்டுட்டு, அது வழியா திருப்புங்க. திருப்புறதுக்கு முன்னாடி கழுத்து வளைவுல கத்திரியால குட்டிக் குட்டியா வெட்டு விடணும் (தையலை வெட்டிடாம), இல்லேன்னா கழுத்து சுருட்டிக்கும். அப்புறம் ஓரத்துல ஒரு தையல் ஓட்டினா விட்ட இடமும் மூடிக்கும். கழுத்துக்கு நாடா வேண்டாம், பிரஸ் பட்டன் போதும், குழந்தை இழுத்தாலும் சட்டுனு விட்டுக்கும். தூங்கும்போது பிப்பைக் கழட்டிடுங்க.

நேரத்துக்கு வருவோம். வெட்டுறதையும் தைக்கிறதையும் ஒரே நாள்ல வச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை யாராவது குழந்தையை வச்சிருக்கும்போது ஆறு பிப்புக்கும் சேர்த்து வெட்டி கிளிப் போட்டு வச்சுடுங்க. வார நாள்ல பத்து நிமிஷம் கிடைச்சா ஆறுக்கும் சுத்துத் தையல் மட்டும், இன்னொரு நாள் ஆறையும் திருப்புறது, அது டிவி பார்த்துக்கிட்டே செய்யலாம். ஒரு பிப்பை எடுத்து முழுசா முடிச்சுட்டுத்தான் அடுத்ததுன்னு உட்கார்ந்தா நூல் மாத்துறது, பாபின் சுத்துறதுன்னே நேரம் போயிடும்.

ஜப்ளா தைச்சேன், பார்க்க அழகா வந்துச்சு, ஆனா தலை நுழையவே இல்ல! அளவு புக்ல இருந்ததுதான். எங்க தப்பு?
– வாசகி, திண்டுக்கல்

அளவு தப்பில்ல, திறப்புதான் பத்தல. பிறந்த குழந்தைக்கு மார்பை விட தலைதான் பெருசு, தலை சுத்தளவு சுமார் 35 செ.மீ., அதாவது 14 இன்ச் கிட்ட. ஜப்ளாவுக்கு நாம சாதாரணமா வைக்கிற கழுத்து, நாலா மடிச்ச துணியில அகலம் ஒண்ணே முக்கால், முன்கழுத்து இறக்கம் ரெண்டு, பின்கழுத்து முக்கால் இன்ச்னு வச்சா, மொத்தம் சுத்தி 10 இன்ச் தான் வரும். பனியன் துணின்னா இழுத்துக் கொடுக்கும், மல் (மெல்லிசான காட்டன்) துணியும் பாப்ளினும் கொடுக்காது. அதுக்காகக் கழுத்தைப் பெருசாக்கிடாதீங்க, தோள்பட்டை வழுக்கி இறங்கிடும். நடுவுல மேல இருந்து கீழ வரைக்கும் திறந்து விடணும், ஜப்ளா முறையே அதுதான்.

கடை ஜப்ளா பெரும்பாலும் முதுகுப் பக்கம் கட்டுற மாதிரி வரும். நான் முன்பக்கம்தான் சொல்லுவேன், மல்லாக்கப் படுத்தே கிடக்கிற குழந்தைக்கு முடிச்சு முதுகுல ஏன் உறுத்தணும்? ஒரு பக்கம் மேல இன்னொரு பக்கம் ரெண்டு இன்ச் ஏறி வர்ற மாதிரி வெட்டி, நாடாவை விலாப்பக்கம் வைங்க, கழுத்துக்கிட்ட வேண்டாம், நீளமும் ஒரு முடிச்சுக்கு ஆகுற அளவுதான். கை தனியா வெட்டாம உடம்போடயே சேர்த்து வெட்டினா கை ஏத்துற வேலையே மிச்சம், அக்குள்லயும் தையல் உறுத்தாது. பக்கத்தையலுக்கு, துணியோட நல்ல பக்கம் வெளிய இருக்கும்போதே முதல்ல ஒரு தையல் போட்டு, பிசிறை ஒட்ட வெட்டி, திருப்பி இன்னொரு தையல் போடுங்க, பிசிறெல்லாம் உள்ளயே அடங்கிடும், ஓவர்லாக் மெஷின் தேவையில்ல. கழுத்து ஓரத்துக்கு, துணியைச் சாய்வா வெட்டின கிராஸ் பட்டி ஒண்ணேகால் இன்ச். நேர் துணியில வெட்டின பட்டி வளைவுல உட்காராது, மடிஞ்சு மடிஞ்சு நிக்கும்.

வணக்கம். நான் அப்பா. மனைவிக்கு நைட் ஷிஃப்ட், நைட்ல நான்தான் குழந்தையைப் பார்த்துக்கிறேன். யூடியூப் பார்த்துத் தைக்கக் கத்துக்கிட்டேன், வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. துணி மட்டும் என்ன வாங்குறதுன்னு தெரியல.
– வாசகர், மதுரை

சிரிக்கட்டும் தம்பி, ஊர்ல பாதி டெய்லர் கடையில உட்கார்ந்திருக்கிறது ஆம்பளைங்கதான், அப்ப யாரும் சிரிக்கல.

முதல்ல துணி வாங்காதீங்க, பீரோவைத் திறங்க. அப்பாவோட துவைச்சுத் துவைச்சு நைஞ்ச காட்டன் வேட்டிக்கு ஈடா கடையில எதுவும் கிடையாது. பிறந்த குழந்தைக்குப் பழைய துணிதான் போடணும்னு பெரியவங்க சொன்னதுல அர்த்தம் இருக்கு, புதுத் துணியில கஞ்சியும் ஃபினிஷிங் கெமிக்கலும் இருக்கும், தண்ணியையும் சரியா இழுக்காது, நாலஞ்சு துவைப்புக்கு அப்புறம்தான் நல்லா உறிஞ்சும். நாப்பிக்கு வேட்டியை விட்டா வேற வழி தேடாதீங்க, துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊத்தாதீங்க, உறிஞ்சுற தன்மை குறைஞ்சிடும்.

வாங்கித்தான் ஆகணும்னா மல் துணி, இல்ல பனியன் துணி. திருப்பூர் பக்கம் போனா காதர்பேட்டையில தேடுங்க, கடைக்காரங்க துணியோட கனத்தை ஜிஎஸ்எம்ல (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு) சொல்லுவாங்க, நம்ம ஊர் வெயிலுக்கு 140ல இருந்து 180க்குள்ள கேளுங்க. எந்தத் துணியானாலும் துவைச்சுக் காய வச்சுட்டுத்தான் வெட்டணும், இல்லேன்னா முதல் துவைப்புலயே சுருங்கி ஜப்ளா தொப்புளுக்கு மேல நிக்கும். பனியன் துணிக்கு பால் பாயின்ட் ஊசி (முனை உருண்டையா இருக்கும்) கேட்டு வாங்குங்க, சாதாரண ஊசி இழையைக் குத்தி ஓட்டை விழ வச்சுடும். ஜிக்ஜாக் இல்லாத பழைய கறுப்பு மெஷின்னா தைக்கும்போது துணியை லேசா இழுத்துப் பிடிச்சுத் தைங்க, அப்பதான் போடும்போது நூல் அறுந்து போகாது.

மாமியார் கடுகுத் தலையணை தைக்கச் சொல்றாங்க, தலை உருண்டையா வருமாம். கூடவே குட்டி மெத்தை, சுத்தி பில்லோ, ஃப்ரில் வச்ச செட்டா தைக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

தைக்க ரொம்ப ஈசி, ஆனா சொல்லித்தர மாட்டேன். ஒரு வயசு வரைக்கும் தூங்குற இடத்துல தலையணையே வேண்டாம், சுத்தி மெத்து மெத்துனு எதுவும் வேண்டாம்னுதான் குழந்தை டாக்டருங்க சொல்றாங்க, மூக்கை அமுக்கினா தள்ளிவிடத் தெரியாத வயசு அது. தையல் விட்டுக் கடுகு கொட்டினா அது வேற ஆபத்து. தலை ஒரு பக்கம் தட்டையாகுதுன்னா முழிச்சிருக்கும்போது கண் பார்வையிலயே கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்க, சரியாகலன்னா டாக்டர்கிட்ட கேளுங்க. மாமியார்கிட்ட "டாக்டர் வேண்டாம்னுட்டாரு அத்தை"ன்னு சொல்லிடுங்க, சண்டை வராது. அவங்க பழைய காட்டன் சேலையை நாலு மடிப்பா போட்டு ஓட்டுத்தையல் போட்டு விரிப்பு தைங்க, அவங்களுக்கும் சந்தோஷம்.

பேர் வைக்கிற விசேஷத்துக்கு முத்து வச்ச ஹெட் பேண்ட், தொப்பி, கையுறை எல்லாம் தைக்கிறேன். வேற என்ன சேர்க்கலாம்?
– வாசகி, நெல்லை

சேர்க்கிறதை விட எடுக்கிறதுதான் அதிகம். முத்து, பாசி, மணி எதுவும் மூணு வயசு வரைக்கும் வேண்டாம், நூல் அறுந்தா நேரா வாய்க்குத்தான் போகும், அதுக்குப் பதிலா பூவை எம்பிராய்டரியாவே போட்டுடுங்க. எலாஸ்டிக் தலையில தடம் பதிச்சா அது டைட். தொப்பிக்கு நாடா வேண்டாம். திருப்பூர்ல ஐரோப்பாவுக்கு எக்ஸ்போர்ட் தைக்கிறவங்களைக் கேளுங்க, ஏழு வயசு வரைக்கும் பசங்க டிரெஸ்ல கழுத்துப் பக்கமும் தொப்பிப் பக்கமும் இழுக்கிற கயிறு வைக்க விட மாட்டாங்க.

எல்லாரும் கவனிக்காம விடுறது கையுறையும் சாக்ஸும். வெளிய பார்க்க நல்லா இருக்கும், உள்ள திருப்பினா நூல் நூலா தொங்கும். அந்த நூல் குட்டி விரல்ல சுத்தி இறுக்கிக்கிட்டா ரத்த ஓட்டமே நின்னுடும், குழந்தை ஏன் அழுதுன்னே நமக்குப் புரியாது. உள்பக்கத்தை மடிச்சுத் தைங்க, ஒவ்வொரு தடவை துவைச்சதும் திருப்பிப் பாருங்க. கடையில வாங்கினதுக்கும் இதேதான்.

பையன் தவழ ஆரம்பிச்சுட்டான். மெஷினை எடுத்தாலே பெடல்கிட்ட வந்து நிக்கிறான். நைட் தைச்சா சத்தத்துல முழிச்சுக்கிறான். என்னதான் பண்றது?
– வாசகி, சேலம்

குண்டூசியை வீட்டை விட்டே அனுப்பிடுங்க, அதுக்குப் பதிலா துணி கிளிப், அதுவும் எண்ணி எடுத்து எண்ணி வைங்க. ஒரு காந்தத்தை வாங்கி எழுந்திருக்கும்போதெல்லாம் தரையில ஒரு சுத்து ஓட்டுங்க. மோட்டார் மெஷின்னா பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் எழுந்திருக்கணும், காலிங் பெல் அடிச்சாலும் சரி. சத்தத்துக்கு மெஷின் கீழ தடிமனா பழைய ரப்பர் மேட்டை மடிச்சுப் போடுங்க, பாதி அதிர்வு குறையும், நாளான மெஷின்னா எண்ணெய் விட்டுப் பாருங்க. அப்பவும் முழிச்சான்னா நைட் கைத்தையல் வேலைக்கு மட்டும் வச்சுக்கோங்க, ஓரம் மடிக்கிறது, பிரஸ் பட்டன் வைக்கிறது மாதிரி.

நான் தைச்ச ஜப்ளா செட்டைப் பார்த்துட்டு பக்கத்து ஃபிளாட்ல எல்லாம் கேக்குறாங்க. காசு வாங்கலாமா, எவ்ளோ சொல்லலாம்?
– வாசகி, சென்னை

தாராளமா வாங்குங்க. துணி, நூல், நாடா விலையோட நீங்க உட்கார்ந்த நேரத்துக்கும் ஒரு மணி நேரக் கூலி போட்டுச் சொல்லுங்க, கடை விலையைப் பார்த்துச் சொல்லாதீங்க, அவங்க ஒரே நேரத்துல நூறு அடுக்கை வெட்டுறவங்க, நம்மால அந்த விலைக்குக் கட்டாது. முன்பணம் வாங்காம துணி வெட்டாதீங்க. டெலிவரி தேதி சொல்லும்போது உங்க குழந்தைக்கு ரெண்டு நாள் காய்ச்சல் வரும்னு கணக்குப் போட்டே சொல்லுங்க.