வில் இருக்கும்போது ஜாவலின் எதற்கு?

கேள்வி: பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கற்பனைக் கதையை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஜாவலின் (எறியீட்டி) போன்ற எறியும் ஆயுதத்தை நம்பி ஒரு ஃபைட்டரை (போர்வீரர் பாத்திரம்) உருவாக்கினால், வில்லாளிக்கு ஈடு கொடுக்க முடியுமா?

முடியும். உங்கள் குழுவில் யாரோ "பேசாம வில்ல எடுத்துக்கோ" என்று சொல்லியிருப்பார்கள், அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடுகிற குழு எங்களுடையது. என் பாத்திரம் ஜாவலின் எறியும் ஃபைட்டர். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் என் கேரக்டர் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, லாங்போ இருக்கறப்ப இத எதுக்குங்க தூக்கிட்டுத் திரியறீங்க?" என்றான். லாங்போ என்பது நீளமான வில். மரியாதையாகத்தான் கேட்டான். ஆனாலும் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு அவனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கையே உங்களுக்கும் தருகிறேன்.

2014 விதிகள், ஐந்தாம் லெவல், முக்கிய ஸ்டாட் (பாத்திரத்தின் திறன் எண்) 18, எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி பட, நம் தாக்குதல் எட்ட வேண்டிய எண்) 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைட்டர் தேர்ந்தெடுக்கும் சண்டைப் பாணிகளில் ஒன்றான ஆர்ச்சரி ஸ்டைல், குறியில் (பகடையோடு கூட்டும் எண்) +2 தருவதால் வில்லாளிக்கு மொத்தம் +9. 20 முகப் பகடையில் 6 விழுந்தாலே அம்பு படும், அதாவது 75 சதவீதம். பட்டால் சராசரி சேதம் 8.5. என் ஃபைட்டருக்குக் குறி +7தான். 8 விழ வேண்டும், 65 சதவீதம். ஆனால் 2020இல் வந்த த்ரோன் வெப்பன் ஸ்டைல் சேதத்தில் +2 தருகிறது, எனவே சராசரி 9.5. பெருக்கிப் பாருங்கள்: ஒரு வீச்சுக்கு வில்லுக்கு ஏறக்குறைய 6.4, ஜாவலினுக்கு 6.2. இந்த வித்தியாசத்துக்கா இத்தனை பேச்சு?

ஷார்ப்ஷூட்டர் என்ற ஃபீட்டை (பாத்திரம் கூடுதலாகப் பெறும் சிறப்புத் திறமை) மறைத்துவிட்டேன் என்று கமெண்டில் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஃபீட் இருந்தால் குறியில் 5 குறைத்து, சேதத்தில் 10 கூட்டிக்கொள்ளலாம். மேலே போட்ட அதே கணக்கில் வில் 9.25க்கு ஏறிவிடும். அது நிஜமான இடைவெளிதான், மறுக்கவில்லை. ஆனால் அது அந்த ஒரு ஃபீட்டின் பலம், வில்லின் பலம் இல்லை. 2024 விதிப் புத்தகத்தில் அந்த 5க்கு 10 கணக்கையே எடுத்துவிட்டார்கள்.

எறிபவர்களை உண்மையில் முடக்கியது வேறொன்று. அம்பை எடுப்பது எய்வதிலேயே அடங்கிவிடும். ஜாவலினை உருவ, பழைய விதியில் ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் இலவச அனுமதி. இரண்டு முறை தாக்கும் லெவலுக்கு வந்த பிறகும் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கும். த்ரோன் வெப்பன் ஸ்டைல் அதைத் தீர்த்தது. 2024இல் ஸ்டைல் இல்லாமலே எறியும்போது உருவிக்கொள்ளலாம்.

இப்போது திம்பம் சண்டைக்கு வருகிறேன். எங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சத்தியமங்கலத்துக்காரர். பண்ணாரிக்கு மேலே திம்பத்துக்கு ஏறும் அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளை மனதில் வைத்து ஒரு மலைப்பாதை வரைந்திருந்தார். மூடுபனி வேறு, நாற்பது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது என்று முதலிலேயே அறிவித்துவிட்டார். லாங்போ 600 அடி வரை போகும்தான், வளைவுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தால்தானே? நோல் (கழுதைப்புலி முகம் கொண்ட அரக்கர்கள்) கூட்டம் பனிக்குள்ளிருந்து பாய்ந்து வந்ததும் தம்பியின் வில்லாளி ஐந்தடிக்குள் மாட்டிக்கொண்டான். எய்தால் டிஸ்அட்வான்டேஜ் (பகடையை இரண்டு முறை உருட்டி, குறைந்ததையே எடுக்க வேண்டும்), வாளை உருவினால் ஆர்ச்சரியின் +2 கிடையாது. என் ஃபைட்டர் ஒரு கையில் கேடயத்தோடு, ஆர்மர் கிளாஸ் 18இல், பாதையை அடைத்து நின்றாள். வருகிறவனை முப்பது அடியில் எறிந்தாள். கிட்டே வந்தவனை ஜாவலினாலேயே குத்தினாள். எங்கள் குழுவின் பூசாரிப் பாத்திரமான கிளெரிக்கைத் தாக்க விலகி ஓடிய நோலை வாய்ப்புத் தாக்குதலில் வீழ்த்தினாள். அன்றைய ஆட்டம் அவளால்தான் பிழைத்தது, இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அந்தச் சண்டையை நாங்கள் மொட்டை மாடியில், வெயிலில் உட்கார்ந்துதான் ஆடினோம். எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடம் காலியாகக் கிடந்தது. சீட்டாடும் பெரியவர்களுக்கு அதைத் திறந்துவிடும் சங்கத்துக்காரர்கள், எங்களைப் பார்த்தால் மட்டும் "சின்னப்பசங்க வெளையாட்டுக்கெல்லாம் ஹால் கெடையாதுங்க" என்கிறார்கள். நாங்களும் அதே மெயின்டனன்ஸ் கட்டுகிறோம். பெண்களும் பையன்களும் ஒன்றாக உட்கார்ந்து ஆடுவதுதான் அவர்களுக்கு உறுத்துகிறது என்பது என் சந்தேகம். சரி, அதை இங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது.

வில்லாளிகள் கோபப்பட வேண்டாம். திறந்த சமவெளியில், நல்ல வெளிச்சத்தில் வில்தான் மேல். மந்திர வில் கிடைத்தால் எய்கிற ஒவ்வொரு அம்புக்கும் அதன் பலன் உண்டு. மந்திர ஜாவலினை எறிந்துவிட்டால் போய்த்தான் பொறுக்க வேண்டும். குழுவில் ஆர்டிஃபைசர் (மந்திரக் கருவிகள் செய்யும் பாத்திரம்) இருந்தால், எறிந்தது கைக்கே திரும்பும் ரிட்டர்னிங் வெப்பனை 2014 ஆட்டத்திலேயே கேட்டு வாங்குங்கள். உங்கள் டிஎம் எந்த ஆண்டு விதியில் ஆட வைக்கிறார் என்பதையும் முதலில் கேளுங்கள். 2014 என்றால் த்ரோன் வெப்பன் ஸ்டைலை அனுமதிப்பாரா என்று உறுதி செய்த பிறகே, ஜாவலினுக்குத் தேவையான ஸ்ட்ரெங்த்தில் (உடல் வலிமை) புள்ளிகளைப் போடுங்கள்.