கேட்டுக்கு வெளியே ஒரு நடை

அன்புள்ள அக்கா,

நங்கநல்லூர் வீட்டைப் பூட்டிவிட்டு நானும் கணவரும் கோவைக்கு வந்து நான்கு மாதமாகிறது. வடவள்ளிப் பக்கம் ஒரு மூத்தோர் குடியிருப்பு. மகன் டெக்சாஸில், மகள் சிங்கப்பூரில். இங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, நர்ஸ், யோகா, பஜனை, மாதம் ஒருமுறை வேனில் வெளியூர். அவர் கேரம் போர்டோடு ஐக்கியமாகிவிட்டார். எனக்கு மட்டும் கல்யாணத்துக்கு வந்து சத்திரத்தில் தங்கியிருக்கிற மாதிரியே இருக்கிறது. எப்போது கிளம்புவோம் என்று மனசு கேட்கிறது. நீங்களும் இப்படி ஒரு இடத்தில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு எப்படிப் பழகியது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

சத்திரம் என்ற அந்த வார்த்தையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நான் வந்து ஆறு வருடமாகிறது. முதல் எட்டு மாதம் எனக்கும் அதேதான். அறிவிப்புப் பலகையில் என்ன போட்டாலும் போனேன்: யோகா, தம்போலா, கோலப் போட்டி. ராத்திரி அறைக்குத் திரும்பினால் அதே வெறுமை.

ஒருநாள் முருங்கைக்கீரை சாப்பிட ஆசை வந்தது. கேட்டைத் தாண்டி நடந்தேன். முக்குக் கடை ஓரமாகச் சாக்கை விரித்து ஒரு அம்மா கீரை விற்றுக்கொண்டிருந்தார். ஒரு கட்டு வாங்கினேன். அடுத்த வாரமும் போனேன். அப்புறம் காய்ச்சலில் படுத்து நாலு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் என்னைப் பார்த்ததும், “ஏனுங்கம்மா, ஆளையே காணோமுங்க? ஒடம்புக்கு ஏதுங்களா?” என்றார். அன்றுதான் நான் கோவையில் குடியிருக்கிறேன் என்று எனக்கே தோன்றியது.

குடியிருப்புக்குள் எல்லாரும் நம்மை நன்றாகக் கவனிக்கிறார்கள். அதனாலேயே அங்கே விருந்தாளியாக இருக்கிறோம். ஊரோடு ஒட்டு உண்டாவது கேட்டுக்கு வெளியேதான். தினமும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில் நடந்து பாருங்கள். நாலு முகமாவது உங்களைத் தேட ஆரம்பிக்கும்.

பொழுதுபோக்கு பற்றிக் கேட்கிறீர்களா என்று தெரியவில்லை, ஆனாலும் என்னுடையதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பறவை பார்ப்பது. கோவையின் மேற்குப் பக்கம் இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. ஆனைகட்டியில் பறவையியல் அறிஞர் சாலிம் அலி பெயரில் பறவை ஆராய்ச்சி மையமே இருக்கிறது. மயிலைச் சொல்லவே வேண்டாம். ஆவணி வாக்கில் ஆண் மயில்கள் தோகை உதிர்த்துவிட்டுச் சாதுவாகத் திரியும், பார்த்தால் பாவமாக இருக்கும். எனக்குப் பிடித்தது செம்போத்து. கருப்பு உடம்பு, செம்மண் நிற இறக்கை, ரத்தச் சிவப்புக் கண். வேலியோரம் ஒளிந்துகொண்டு ‘ஊப் ஊப்’ என்று குடத்துக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரிக் கத்தும். குரலைக் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். முழங்கால் வலிக்காரர்கள் பால்கனியில் நாற்காலி போட்டே செய்யலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

வேன் சுற்றுலாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேரூர் சிவன் கோயிலை மட்டும் வேனில் பார்க்காதீர்கள். அரை மணியில் கிளம்பச் சொல்லி ஹாரன் அடிப்பார்கள். ஆட்டோ பிடித்து, கூட்டமில்லாத ஒரு வாரநாளில் நீங்கள் இருவர் மட்டும் போங்கள். 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த கனகசபை மண்டபத்தில், யானைத் தோலை விரித்துப் பிடித்த சிவன் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள். அப்புறம் பிறவாப் புளியையும் இறவாப் பனையையும் பார்த்துவிட்டு நொய்யல் படித்துறைக்குப் போங்கள். அந்தப் புளியின் விதை முளைக்காது, அந்தப் பனை சாகாது என்று ஊரில் சொல்வார்கள். என் கணவர் காலமான வருடத்தில் நான் அடிக்கடி போய் உட்கார்ந்தது அந்தப் படித்துறையில்தான்.

ஊட்டி மலை ரயிலில் போக ஆசையிருந்தால், மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்கு ஏறி குன்னூரில் இறங்கிவிடுங்கள். தண்டவாளத்து நடுவில் பல்லைப் பிடித்து ரயில் ஏறுகிற பல்சக்கரப் பாதை அதுவரைதான். ஊட்டிவரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம், நம் வயசு முதுகுக்கு அது அதிகம்.

இன்னும் ஒன்று. அறையில் உங்களுக்கென்று ஒரு பித்தளை ஃபில்டர் வையுங்கள். காலை டிகாஷன் உங்கள் கையால் இறங்கட்டும். நாற்பது வருடம் அடுப்படியை ஆண்டவர்களுக்குத் தட்டில் வருகிற காபி எப்படி இறங்கும்?

நங்கநல்லூர் வீட்டை வாடகைக்கு விடுங்கள். பூட்டிய வீடு இழுத்துக்கொண்டே இருக்கும். நான் இரண்டு வருடம் சாவியைப் பையிலேயே வைத்திருந்தேன். குடி வைத்த பிறகு, மழை பெய்தால் மொட்டைமாடிக் கசிவை நினைத்து விழிப்பது நின்றது.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் செம்போத்தைப் பார்த்துவிட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா