மெட்ரிக் நேரம், கொதிக்கும் பிள்ளைகள்: கேள்வி பதில்

அக்டோபர் கடைசியில் மெட்ரிக், அதாவது தென்னாப்பிரிக்காவின் பன்னிரண்டாம் வகுப்பு இறுதிப் பரீட்சை. டர்பன் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பாதி அதைச் சுற்றித்தான்.

சாட்ஸ்வர்த், ஒரு அம்மா: மகளுக்கு 17. கணக்குப் பேப்பரைப் பார்த்தாலே கை நடுங்குது. ‘ஆழமா மூச்சு விடும்மா’ன்னு சொன்னா இன்னும் மோசமாகுது. ஏன்?

அந்த ‘ஆழமா’தான் கோளாறு. பதற்றத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறாள். இன்னும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்துப்போகும், தலை சுற்றும். அதைக் கண்டு பயம் கூடும். மூச்சு சின்னதாகவே இருக்கட்டும், வெளியே விடுவது மட்டும் நீளட்டும். மூக்கால் 4 எண்ணும்வரை உள்ளே, உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 5 நிமிடம் போதும். தோள் ஏறக்கூடாது, வயிற்றில் வைத்த கைதான் அசைய வேண்டும். காலையில் ஒருதரம், படுக்குமுன் ஒருதரம், மனசு அமைதியாக இருக்கும்போதே பழக வேண்டும். பரீட்சை மண்டபத்தில் முதன்முதலாகச் செய்து பார்த்தால் கைகொடுக்காது.

பழைய வினாத்தாளையும் படிப்படியாகப் பழக்குங்கள். முதல் நாள் மேசையில் கிடக்கட்டும். அடுத்து ஒரு கேள்வியை வாசிக்கட்டும். பிறகு கடிகாரம் வைத்து 20 நிமிடம், கடைசியாக முழு 3 மணி நேரம். பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து போகவிடாதீர்கள். போனால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை கணக்கெழுதிக்கொள்ளும். பயம் தணிந்த பிறகு எழுந்திருக்கட்டும்.

பீனிக்ஸ், ஒரு அப்பா: மகன் கோபத்தில் கதவை உதைக்கிறான். அப்போ புத்தி சொன்னா ஏறமாட்டேங்குது.

ஏறாதுதான். கொதிக்கிற நேரத்தில் புத்தி சொல்லாதீர்கள். அடுத்த நாள் காரில் போகும்போது, முகம் பார்க்காமல், இரண்டே வாக்கியம். அந்த நேரத்துக்கு உதவுவது குளிர்ந்த தண்ணீர். பேசினில் நிரப்பி, நாலைந்து ஐஸ் கட்டி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை 15 முதல் 30 நொடி அமிழ்த்தட்டும். நாடித்துடிப்பு இறங்கும்.

மீர்பேங்க், ஒரு தாத்தா: தலையில தண்ணி ஊத்துறது எங்க ஆயா காலத்து வைத்தியமாச்சே. இதில புதுசா என்ன?

தலை இல்லை தாத்தா, முகம். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் உள்ள நரம்பு குளிரை உணர்ந்தால்தான், தண்ணீரில் மூழ்குகிறோம் என்று உடம்பு எண்ணி இதயத்தை மெதுவாக்கும். உச்சந்தலையில் ஊற்றினால் உடம்பு சிலிர்க்கும், அவ்வளவுதான்.

அதே தாத்தா: செஞ்சு பார்த்தேன். ஒண்ணும் ஆகலை.

குழாய்த் தண்ணீரா? கோடையில் டர்பன் குழாயில் வெதுவெதுப்பாகத்தானே வரும், ஐஸ் போடாமல் பலிக்காது. ஆனால் உங்கள் வயதில் இந்தச் சோதனை வேண்டாம், தாத்தா. இதயக் கோளாறு உள்ளவர்களும், சாப்பாட்டை ஒதுக்கி மெலிந்துபோன பிள்ளைகளும் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

டோங்காட், ஒரு அக்கா: தம்பிக்குப் படபடப்பு. எப்படி மூச்சு விடச் சொல்வது?

முதல் பதிலைப் படியுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், 16 வயது: படுத்தா கவலை சுத்துது. தூக்கம் வரலை.

சாயங்காலம் 6 மணிக்கு 15 நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்கு. நோட்டில் இரண்டு பத்தி: என்னால் செய்ய முடிந்தது, முடியாதது. முதல் பத்தியில் ஒன்றுக்கு மட்டும் நாளைக்கான அடுத்த வேலையை எழுது. படுக்கையில் கவலை வந்தால், ‘நாளை 6 மணிக்கு’ என்று தள்ளிவை. போன் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும். உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

சாட்ஸ்வர்த்: மகன் சுகர்ஸ் (ஹெராயின் கலந்த போதைப்பொருள்) பிடிக்கிறானோன்னு சந்தேகம்.

என் துறையில்லை. போதையிலிருந்து மீட்க உதவும் சான்கா (SANCA) அமைப்பிடம் போங்கள், இந்த வாரமே.

பெயர் வேண்டாம்: ‘செத்துட்டா நல்லாருக்கும்’னு மகள் சொல்றா. கேட்டா தூண்டிவிட்ட மாதிரி ஆகுமா?

ஆகாது. ‘உயிரை விடணும்னு நினைக்கிறியா?’ என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரையையும் பூச்சிமருந்தையும் பூட்டுங்கள். உடனே தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567-க்கு அழையுங்கள், பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 116-ம் இலவசம். எதையாவது விழுங்கிவிட்டாள் என்றால் போன் பேசிக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்கு. இந்தப் பக்கத்தில் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

வெருலம்: மூச்சை 4 எண்ணி, அப்புறம் பிடிச்சுக்கணுமா?

பிடிக்க வேண்டாம். முதல் பதில்.

மீர்பேங்க் தாத்தா: ஐஸ் எத்தனை கட்டி?

உங்களுக்கு ஒன்றுகூட இல்லை.