தொட்டியில் வைத்த காகிதப்பூச் செடி இலையாகவே தழைக்கிறது. பூக்க வைப்பது எப்படி?

தினமும் தவறாமல் நீர் ஊற்றியும் ஒரு வருடமாகப் பூவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பச்சைப் பசேல் என்று தழைக்கும் செடிக்கு நோய் எதுவும் இருக்காது. முதலில் தண்ணீரைக் குறையுங்கள்.

என் முதல் காகிதப்பூவும் இப்படித்தான் இரண்டு கோடைகளாகக் கிளை கிளையாக நீண்டதே தவிர, ஒரு மொட்டு விடவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது இலைகள் துவண்டு, பாதி உதிர்ந்து கிடந்தன. போய்விட்டது என்றே நினைத்தேன். நீர் ஊற்றினேன். சில வாரங்களில் துளிர்த்த தளிர்களின் நுனியெல்லாம் கருஞ்சிவப்பு! தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடிக்கு, சற்றே வாடிப்போவதுதான் பூப்பதற்கான தூண்டுதல்.

இப்போது மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்றுகிறேன். ஊற்றினால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். தினம் ஒரு குவளை என்ற கணக்கு வேண்டாம். தொட்டிக்கு அடியில் நீர் தேங்கும் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். மொட்டு வந்த பிறகு மட்டும் வாடவிடாதீர்கள், வண்ணமெல்லாம் உதிர்ந்துவிடும். (வண்ணமாகத் தெரிபவை பூக்கள் அல்ல, நிறம் மாறிய இலைகள். நடுவில் வெள்ளையாக, குழல்போல் இருக்கும் சிறியவையே உண்மையான பூக்கள்.)

நேரடி வெயில் 6 மணி நேரமாவது பட வேண்டும். நிழலில் வைத்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் இலைதான் பெருகும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ளதை அளவாகக் கொடுங்கள்.

இடம் போதாமல்தான் பூக்கவில்லை என்று எண்ணிப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடாதீர்கள், இதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். வேர்கள் நெருக்கிக்கொண்டு இருக்கும்போதுதான் இது நன்றாகப் பூக்கும். மெல்லிய வேர்கள், எளிதில் அறுந்துவிடும். நான் ஒருமுறை அவசரமாகத் தண்டைப் பிடித்து இழுத்ததில் வேரோடு இருந்த மண்கட்டி உதிர்ந்து, அந்தச் செடி பிழைக்கவே இல்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு சுற்று மட்டும் பெரிய தொட்டியாக எடுத்து, மண்கட்டி குலையாமல் இறக்குங்கள்.

புதிய தளிர்களில்தான் பூ வரும் என்பதால், ஒவ்வொரு முறை பூத்து ஓய்ந்ததும் நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிக் கவாத்து செய்யுங்கள். தடித்த கையுறை அவசியம். இலைக் கணுக்களில் இருக்கும் முட்கள் ஆழமாகக் கீறும்.