கவனத்தை ஆராய மின்முனை போதாதா? குரங்கு மூளைக்குள் மரபணுவை ஏன் புகுத்துகிறார்கள்?

மின்முனை என்பது மூளைக்குள் செருகும் மெல்லிய கம்பி. நியூரான்களின், அதாவது நரம்புச் செல்களின், துடிப்பைப் பதியலாம், மின்சாரமும் கொடுக்கலாம். அதை அவ்வளவு லேசாக ஒதுக்கிவிட முடியாது. கவனம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அது தந்ததுதான். 2003இல் மூர், ஆர்ம்ஸ்ட்ராங் என்ற ஆய்வாளர்கள் குரங்கில் செய்த சோதனையைப் பாருங்கள். மூளையின் முன்பக்கத்தில் கண் அசைவுக்குப் பொறுப்பான ஒரு பகுதி உண்டு, எஃப்.இ.எஃப். என்பார்கள். அங்கே கண்ணைக்கூட அசைக்காத அளவுக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்தார்கள். பின்னால் வி4 என்ற பார்வைப் பகுதியில் நியூரான்களின் துடிப்பு கூடியது, குரங்கு தானாகவே அந்த இடத்தைக் கவனித்தது போல.

சிக்கல் இதற்குப் பிறகுதான். எஃப்.இ.எஃப்.இல் வி4க்குச் செய்தி அனுப்பும் செல்கள் உண்டு, கண்ணைத் திருப்ப உதவும் சுப்பீரியர் கொலிக்குலஸ் என்ற நடுமூளைப் பகுதிக்கு அனுப்புபவை உண்டு, பக்கத்துச் செல்லை அடக்குபவையும் உண்டு. எல்லாம் கலந்து கிடக்கின்றன. மின்சாரத்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது. அந்த வழியாகச் சும்மா கடந்துபோகும் நரம்பிழையையும் சேர்த்தே தூண்டிவிடும். அப்புறம் எந்தச் செல் வேலையைச் செய்தது என்று எப்படிச் சொல்வது?

மரபணுக் கருவி இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஒரு பச்சைப் பாசியிலிருந்து எடுத்த, ஒளி பட்டால் திறக்கும் புரதத்தின் மரபணுவை, நோய் உண்டாக்காத வைரஸில் ஏற்றி எஃப்.இ.எஃப்.இல் செலுத்துகிறார்கள். செல் அந்தப் புரதத்தைத் தயாரித்து, தன் நரம்பிழையின் கடைசி நுனி வரை கொண்டுபோய் வைக்கும். இனி ஒளியை எஃப்.இ.எஃப்.இல் பாய்ச்ச வேண்டாம், கொலிக்குலஸில் பாய்ச்சினால் போதும். அந்த ஒரு பாதை மட்டும் தூண்டப்படும். 2015இல் ஜப்பானியக் குழு ஒன்று மக்காக் குரங்கில் இப்படித்தான் கண்ணை அசைய வைத்தது.

சரி, இதையெல்லாம் எலியிலேயே செய்யலாமே? கருவி எலியில் பல மடங்கு சுலபம், உண்மைதான். ஆனால் குரங்குக்குக் கொடுக்கும் வேலையைப் பாருங்கள். திரை நடுவே ஒரு புள்ளி, கண் அதைவிட்டு அசையக் கூடாது. ஓரங்களில் கோடு போட்ட இரண்டு வட்டங்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று முதலிலேயே ஒரு குறி காட்டப்படும். அந்த வட்டத்தின் கோடு துளி சாய்ந்தால் கைப்பிடியை விட வேண்டும், ஒரு சொட்டு ஜூஸ் கிடைக்கும். மற்றது சாய்ந்தால் பேசாமல் இருக்க வேண்டும். கண் ஓரிடம், கவனம் வேறிடம் என்ற இந்த வித்தையைப் படிக்க, நம்மைப் போல விழித்திரையின் நடுவில் கூர்பார்வைக் குழி உள்ள விலங்கு வேண்டும். எலிக்கு அது கிடையாது.

ஆரம்பகாலக் குரங்கு ஆய்வுகள் கொஞ்சம் ஏமாற்றத்தையும் தந்தன. ஒளி பட்டதும் நியூரான்கள் சடசடவென்று துடிக்கும். குரங்கோ எருமை மேல் மழை பெய்த மாதிரி தன் பாட்டுக்கு இருக்கும். சுண்டெலி மூளை அரை கிராம்கூட இல்லை, மக்காக் மூளை 90 கிராம் வரும். நீல ஒளியோ திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதே பெரிய விஷயம். அதனால்தான் சிலர் ஒளியை விட்டு, மருந்துக்கு மட்டும் பதிலளிக்கும் ஏற்பிகளைச் செல்லில் பொருத்தும் முறைக்குப் போனார்கள். பரப்பு கிடைத்தது, வேகம் போயிற்று. நொடிக்குள் இடம் மாறும் கவனத்துக்கு இது சரிவராது என்பது என் கருத்து.

என்னைக் கேட்டால், இந்தக் கருவிகள் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு 2012இல் வந்த ஒரு முடிவு. ஸெனோன், கிராஸ்லிஸ் என்ற ஆய்வாளர்கள் மருந்து கொடுத்துக் கொலிக்குலஸைத் தற்காலிகமாக அணைத்தார்கள். குரங்கு கவனத்தில் தடுமாறியது, ஆனால் பார்வைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில் பார்வையைக் கையாளும் பகுதியில், கவனத்தின் அடையாளமான கூடுதல் துடிப்பு குறையாமல் அப்படியே இருந்தது. அப்படியானால் புறணியைத் தொடாமல், கவனத்தைச் செயலாக்கும் வேறொரு பாதை இருக்க வேண்டும். அது கொலிக்குலஸிலிருந்து எங்கே போகிறது என்பதை, ஒவ்வொரு பாதையாக அணைத்துப் பார்த்தால்தான் பிடிக்க முடியும்.