மிசூரியில் 40 ஏக்கர்: மான் வருகிறது, காடை தங்கவில்லை

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உங்கள் 40 ஏக்கர் நிலத்துக்கு மான் வந்தும் காடை தங்கவில்லை, தீவனப் பயிரைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூட்ட வேண்டாம். முதலில் நிலத்தில் இருக்கும் ஃபெஸ்க்யூ என்ற மேய்ச்சல் புல்லை ஒழித்துக்கட்டுங்கள். மான் வந்தும் பாப்வைட் காடை (அங்குள்ள காட்டுக் காடை) தங்காததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பாய் விரித்தாற்போல் தரையை மூடிவிடும். கட்டைவிரல் அளவே உள்ள குஞ்சு அதற்குள் நடக்கவே முடியாது. முதல் இரண்டு வாரம் குஞ்சுக்குப் பெரும்பாலும் பூச்சிதான் சாப்பாடு, தானியம் அல்ல.

குனிந்து புல்லை விலக்கிப் பாருங்கள். இடையிடையே வெறும் மண் தெரியவில்லையென்றால் காடைக்கு ஆகாது.

இலையுதிர் காலக் கடைசியில் நாட்டுப் புற்கள் காய்ந்த பிறகும் ஃபெஸ்க்யூ பச்சையாக நிற்கும். அப்போது கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடியுங்கள். அப்புறம் வயலோர மரங்கள் சிலவற்றை வெட்டி அப்படியே கிடக்க விடுங்கள். காடை ஒளிய இடம், மானுக்கும் மறைவு.

நாட்டுப் புல் பச்சையாக இருக்கும்போது மட்டும் அடித்துவிடாதீர்கள், அதுவும் சேர்ந்து போய்விடும்.