மருந்துக்கு அடங்காத டைபாய்டு தடுப்பூசிக்கு அடங்குமா?

கேள்வி: தாராவியில் வீட்டிலேயே இட்லி அவித்து விற்கும் குடும்பம் எங்களுடையது. சென்ற மாதம் ஒன்பது வயது மகனுக்கு டைபாய்டு வந்தது. சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரை கேட்கவில்லை. மருத்துவமனையில் சேர்த்து செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்ட பிறகுதான் காய்ச்சல் இறங்கியது. இப்போது அவனுக்கும் நான்கு வயது மகளுக்கும் தடுப்பூசி போடச் சொல்கிறார் மருத்துவர். ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் ஆகுமாம். நோய் வந்து போனவனுக்கு எதற்கு ஊசி? மருந்தையே மதிக்காத கிருமி தடுப்பூசிக்கா பணியப்போகிறது?

பதில்: போடுங்கள், இரண்டு பேருக்குமே.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மருந்திடமிருந்து தப்ப பாக்டீரியா செய்துகொள்ளும் மாற்றம் அந்த மருந்தைக் குறிவைத்தது. டிஎன்ஏவின் முறுக்கைச் சரிசெய்யும் ஒரு நொதி கிருமிக்குள் இருக்கிறது. சிப்ரோ அதைத்தான் பிடித்து நிறுத்துகிறது. அந்த நொதிக்கான மரபணுவில் ஓரெழுத்து மாறினாலே மருந்தின் பிடி தளர்ந்துவிடும். இந்தியாவில் பரவும் டைபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை இந்த மாற்றத்தைப் பெற்றுவிட்டன. செஃப்ட்ரையாக்சோனை எதிர்க்கும் கிருமி இன்னொரு வழியில் போகிறது: மருந்தையே சிதைக்கும் நொதியைத் தயாரித்துக்கொள்கிறது.

தடுப்பூசிக்கு இவை எதனோடும் வேலையில்லை. கிருமியின் வெளிப்புறத்தில் ‘விஐ’ என்ற சர்க்கரை உறை இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, நஞ்சு நீக்கிய டெட்டனஸ் புரதத்தோடு பிணைத்துத்தான் இந்த ஊசி மருந்தைத் தயாரிக்கிறார்கள். புரதம் சேர்வதால் கைக்குழந்தையின் உடலும் உறையை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. உள்ளே இருப்பது சிப்ரோவுக்கு அடங்கும் கிருமியா, அடங்காததா என்பது அந்த உடலுக்கு ஒரு பொருட்டே இல்லை. மேலும், மருந்து உள்ளே போகும் நேரத்தில் கிருமிகள் பெருகியிருக்கும். தற்செயலாக மாறிய ஒன்று பிழைத்தாலும் அதன் சந்ததி பரவும். தடுப்பூசி தந்த எதிர்ப்பு, வாய்வழி வந்த சொற்பக் கிருமிகளை ஆரம்பத்திலேயே சந்தித்துவிடுகிறது.

கண்கூடான சான்றும் உண்டு. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஐதராபாத்தில் பரவத் தொடங்கிய டைபாய்டு, செஃப்ட்ரையாக்சோன் உட்பட ஐந்து வகை மருந்துகளுக்கு அடங்கவில்லை. வாயால் விழுங்க அசித்ரோமைசின் ஒன்றுதான் மிஞ்சியது. 2018இல் அங்கே குழந்தைகளுக்கு இதே வகைத் தடுப்பூசியைப் போட்டார்கள். அந்த அடங்காத கிருமிக்கு எதிராக அது 97 சதவீதம் பலனளித்தது. மறு ஆண்டே பாகிஸ்தான் அதைத் தன் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது.

உங்களுக்குப் பக்கத்திலேயே, கழிமுகத்துக்கு அக்கரையில், நவி மும்பை மாநகராட்சி 2018இல் ஒன்பது மாதம் முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு முகாம் நடத்தி இதைப் போட்டது. தயாரித்தது நம் ஐதராபாத்தின் பாரத் பயோடெக். நம் நாட்டில் உருவாகி, பக்கத்து ஊரில் முகாமில் போட்ட ஊசிக்கு, தாராவியில் ஒரு குடும்பம் நாலாயிரம் ரூபாய் எண்ணி வைக்க வேண்டியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

டைபாய்டு ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், மறுபடியும் வரும். மகனுக்குக் குணமாகி நான்கு முதல் ஆறு வாரம் கழித்துப் போடலாம். மகளுக்குக் காய்ச்சல் இல்லையென்றால் இப்போதே போடலாம். ஒரே ஊசிதான். சமைக்கும் பெரியவர்களும் போட்டுக்கொள்வது நல்லது. 45 வயது வரை இதைப் பரிந்துரைக்கிறார்கள். குணமானவர்களில் சிலருக்குக் கிருமி பித்தப்பையில் தங்கி, எந்தத் தொந்தரவும் காட்டாமல் மலத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். இட்லி ஆவியில் வெந்துவிடுகிறது, அதில் பயமில்லை. பச்சைத் தண்ணீர் விட்டு அரைக்கும் தேங்காய்ச் சட்னிதான் கவலை. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி அரையுங்கள். சட்னிப் பாத்திரத்தில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊசி போட்டாலும் இவை தேவை. நேபாளம், மலாவி சோதனைகளில் பாதுகாப்பு 80 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. டைபாய்டு போன்ற காய்ச்சலைத் தரும் பாராடைபாய்டு ‘ஏ’ கிருமிக்கு விஐ உறையே கிடையாது என்பதால் இந்த ஊசி அதைத் தடுக்காது.

மகளின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். நிமோனியா தரும் ஒரு பாக்டீரியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் இலவசம். விட்டுப்போயிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தைக்குச் சளிக்காய்ச்சல் வரும்போதெல்லாம் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறோமே, அந்தத் தேவையையே இது குறைக்கிறது. இன்னும் உருவாகிவருபவை உட்பட 24 வகைக் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளை முழுமையாகப் பயன்படுத்தினால் உலகின் ஆன்டிபயாட்டிக் உபயோகத்தை 22 சதவீதம் குறைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் மதிப்பிட்டது.

எல்லாக் கிருமிக்கும் இப்படி ஊசி வந்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். மருத்துவமனைகளை ஆட்டிப்படைக்கும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவுக்கு ஒரே உறை இல்லை. பல பத்து வகை உறைகள். ரத்தத்தில் கலக்கும் ஈ.கோலைக்கு எதிரான தடுப்பூசியின் பெரும் சோதனை, போதிய பலன் தெரியாமல் 2025இல் நிறுத்தப்பட்டது. ஆனாலும் இந்த வழியைக் கைவிடக் கூடாது. பென்சிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1897இல், இதே மும்பையில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் வால்டெமர் ஹாஃப்கின் என்ற நுண்ணுயிரியலாளர் பிளேக் தடுப்பூசியை உருவாக்கி முதலில் தன் உடலிலேயே போட்டுக்கொண்டார். பரேலில் இன்றும் அவர் பெயரில் நிறுவனம் இருக்கிறது.

கடைசியாக, வீட்டில் மீந்த சிப்ரோ மாத்திரைகள் இருந்தால் அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் நீடித்தால் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். டைபாய்டு வந்து போனவருக்கு, ரத்தத்தில் கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருளைத் தேடும் விடால் பரிசோதனை வெகுநாள் பாசிட்டிவ் காட்டலாம் என்பதால் அதை மட்டும் நம்பி மருந்தைத் தொடங்க வேண்டாம்.